பழக்குவதற்கு முன் பழகுதல்: தத்து நாயை வீட்டில் நிலைப்படுத்தும் வழக்கத்தின் வரலாறு

தமிழில் 'பழகு' என்னும் வினை தன்வினையாக நிற்கும்போது ஓர் உயிர் இன்னோர் உயிரோடு நெருங்கி அச்சம் தெளிவதைக் குறிக்கிறது. அதுவே 'பழக்கு' என்று பிறவினையாகும்போது ஒரு செயலைக் கற்பித்து வழிக்குக் கொண்டுவருவதைக் குறிக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பதால், ஒன்றில்லாமல் மற்றொன்று நிகழாது என்ற அறிவு இம்மொழியின் சொல்லமைப்பிலேயே படிந்திருக்கிறது எனலாம். ஆனால் ஆதரவற்ற நாயைத் தத்தெடுத்து வீட்டில் நிலைகொள்ளச் செய்யும் வழக்கம் நிறுவன வடிவம் பெற்ற பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இவ்விரண்டும் நெடுங்காலம் தனித்தனியே வளர்ந்தன. நாய்க்கு அடைக்கலம் கொடுத்தது ஒரு மரபு. நாய்க்குப் பயிற்சி கொடுத்தது வேறொரு மரபு. முன்னது இரக்கத்திலிருந்தும், பின்னது வேட்டைக்களத்திலிருந்தும் காவல்துறையிலிருந்தும் பிறந்தன. இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று சந்திக்க நூறாண்டுக்கு மேலாயிற்று என்பதையும், அந்தத் தாமதத்துக்கான விலையை வீடு மாறிய நாய்களே கொடுத்தன என்பதையும் இவ்வரலாறு காட்டுகிறது.

அடைக்கலத்தின் தொடக்கம்

1860ஆம் ஆண்டில் லண்டனின் ஹாலோவே பகுதியில் மேரி டீல்பி என்னும் பெண்மணி, காணாமற்போன நாய்களுக்கும் பட்டினி கிடக்கும் நாய்களுக்குமான தற்காலிக இல்லம் ஒன்றைக் குதிரைலாயத்தில் தொடங்கினார். ஏழை மனிதருக்கே போதிய புகலிடம் இல்லாத நகரத்தில் தெருநாய்க்கு இல்லமா என்று அக்காலப் பெரிய நாளிதழ்கள் அம்முயற்சியை எள்ளின. 1862இல் சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழ், உயர்குல நாய்கள் அணிவகுத்த இஸ்லிங்டன் கண்காட்சியையும் ஹாலோவே இல்லத்தில் ஒண்டியிருந்த நாய்களையும் அருகருகே வைத்துக் காட்டிய கட்டுரையை வெளியிட்டபோது பொதுமக்களின் பார்வை ஓரளவு மாறத் தொடங்கியது. டீல்பி 1865இல் மறைந்தார். இல்லம் 1871இல் பாட்டர்சீ பகுதிக்கு இடம் மாறி, அப்பெயராலேயே இன்றுவரை அறியப்படுகிறது.

இல்லத்தின் நோக்கம் இரக்கமாக இருந்தாலும், அதன் நடைமுறையை நகரின் அச்சம் நெருக்கியது. வெறிநாய்க்கடிக்கு மருந்தில்லாத அக்காலத்தில் தெருவில் திரியும் ஒவ்வொரு நாயும் ஐயத்துக்குரியதாக இருந்தது. 1867ஆம் ஆண்டின் லண்டன் தெருக்கள் சட்டம், உரியவரின்றித் திரியும் நாய்களைப் பிடித்து வைக்கும் அதிகாரத்தைக் காவலருக்கு அளித்தது. பிடிபட்ட நாய்களுக்கு உரியவர் குறுகிய கெடுவுக்குள் வராவிட்டால், நல்ல நிலையில் உள்ளவை புதியவர்களுக்கு விற்கப்பட்டன, மற்றவை கொல்லப்பட்டன. அந்தச் சாவாவது வலியின்றி நிகழட்டும் என்பதற்காக மருத்துவர் பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன் வகுத்த நச்சுக்காற்று அறை 1884இல் பாட்டர்சீயில் அமைக்கப்பட்டது. அமெரிக்காவிலும் நிலை இதுவே: நியூயார்க் நகரம் பிடிபட்ட நாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து ஈஸ்ட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றுவந்தது; பிலடெல்பியாவில் கரோலின் எர்ல் வைட் முன்னின்று 1869இல் உருவாக்கிய பெண்கள் சங்கம், தெருநாய்களைப் பிடிக்கும் பணியையும் காக்கும் பணியையும் நகராட்சியிடமிருந்து தன் பொறுப்பில் ஏற்று, அவற்றுக்குப் புதிய வீடு தேடித்தரும் வழக்கத்துக்கு அந்நாட்டில் வழிகாட்டியது.

இந்த இல்லங்கள் நாய்க்கு வைக்கோலும் உணவும் கூரையும் தந்தன. வாய்ப்பிருந்தால் புதிய உரிமையாளரையும் தந்தன. வாசலைத் தாண்டிய பின் அந்த நாய்க்கு என்ன நேர்கிறது என்பதோ, பெயர் தெரியாத ஒரு தெருவிலிருந்து முகம் தெரியாத ஒரு குடும்பத்துக்குள் நுழையும் விலங்கு எப்படி நிலைகொள்ளும் என்பதோ அன்று அவற்றின் வேலையாகக் கருதப்படவில்லை. அந்த அறிவைத் தேடிய உரிமையாளர் வேறோர் உலகத்தின் நூல்களைத்தான் புரட்ட வேண்டியிருந்தது.

உடைத்தல் என்னும் கலை

அந்த நூல்கள் வேட்டைக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. நாயைப் பயிற்றுவதற்கு ஆங்கிலத்தில் அன்று வழங்கிய சொல்லுக்கு 'உடைத்தல்' என்பதே நேர்ப்பொருள். முரட்டுக் குதிரையை அடக்கி ஏறுவதற்கும் அதே சொல்தான். விலங்கின் விருப்பம் முறிந்தால்தான் மனிதனின் விருப்பம் அதில் குடியேறும் என்ற எண்ணம் அச்சொல்லுக்குள் இருந்தது. வீட்டுக்குள் சிறுநீர் கழிக்காமல் இருக்க நாயைப் பழக்குவதையும் அம்மொழி இன்றுவரை 'வீட்டுக்காக உடைத்தல்' என்ற பொருள்படும் சொல்லாலேயே குறிக்கிறது.

மரபுக்குள்ளேயே எதிர்க்குரல்கள் எழாமல் இல்லை. 1848இல் வெளிவந்த தம் நூலுக்கு அந்தப் பழஞ்சொல்லையே தலைப்பாக வைத்த ராணுவ அதிகாரி வில்லியம் ஹட்சின்சன், சாட்டையைக் குறைத்துப் பொறுமையைக் கூட்டும்படி எழுதினார். 1880களில் அமெரிக்கரான ஹாமண்ட், தம் நூலின் தலைப்பிலேயே பயிற்றுவதையும் உடைப்பதையும் எதிரெதிராக நிறுத்தி, உணவுத் துண்டைக் கொண்டே குட்டிக்குக் கட்டளைகளைக் கற்பிக்கலாம் என்று காட்டினார். ஆயினும் அடுத்த நூற்றாண்டின் பாதையை வகுத்தவர் இவர்களல்லர். காவல்துறை அதிகாரியான ஜெர்மானியர் கொன்ராட் மோஸ்ட் ஆவார்.

மோஸ்ட் 1906இல் சார்ப்ரூக்கன் நகரில் காவல்துறைக்காக நாய்களைப் பயிற்றத் தொடங்கி, 1910இல் தம் பயிற்சி நூலை வெளியிட்டார். அந்நூலின் சிறப்பையும் குறையையும் பிரித்துப் பார்ப்பது தேவை. நாய்க்கு மனிதரின் ஒழுக்கநெறியோ மொழியின் பொருளோ தெரியாது, தன் செயலை உடனடுத்து வரும் இன்பமும் துன்பமுமே அதன் ஆசிரியர்கள் என்பதை, உளவியல் ஆய்வகங்கள் அதே முடிவை விரித்துரைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் தெளிவாகக் கண்டார். ஆனால் அந்த அறிவை அவர் பெரிதும் கட்டாயத்தின் பக்கமே செலுத்தினார்: முள் பதித்த கழுத்துப்பட்டையும் பிரம்பும் அவர் முறையில் அடிப்படைக் கருவிகள், நாயும் மனிதனும் சந்திக்கும் இடத்தில் யார் மேல் என்ற போராட்டம் உண்டு என்பதும் அதில் மனிதன் வென்றாக வேண்டும் என்பதும் அவர் கொள்கை. குற்றவாளியைத் துரத்தும் காவல் நாய்க்காக வகுக்கப்பட்ட இந்தக் கொள்கை, அவருடைய மாணவர்கள் வழியாகவும் இரு உலகப்போர்களின் ராணுவ நாய்ப் பயிற்சி வழியாகவும் கடல் கடந்து, கடைசியில் வீட்டுக் கூடத்துக்குள்ளும் வந்து சேர்ந்தது.

கூடத்துக்குள் வந்த கட்டளை

சாதாரண வீட்டு நாய்க்கும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணத்தை அமெரிக்காவில் பரப்பியவர்கள் இரு பெண்கள். பூடில் நாய்களை வளர்த்த ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர், அவை வெறும் அழகுப் பொருள்களல்ல என்று காட்டுவதற்காக 1933இல் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் கீழ்ப்படிதல் போட்டி ஒன்றை நடத்தினார். அதில் கலந்துகொண்டவை 8 நாய்கள். 1936இல் அமெரிக்க நாய் வளர்ப்போர் கழகம் இத்தகைய போட்டிகளை ஏற்று விதிமுறை வகுத்தது. அதற்கடுத்த ஆண்டில் வாக்கரும் அவருடைய உதவியாளராக விளங்கிய பயிற்சியாளர் பிளாஞ்ச் சாண்டர்ஸும், காரின் பின்னே இழுவை வண்டியைப் பூட்டிக்கொண்டு, பூடில்களோடு சுமார் 10,000 மைல் சுற்றிவந்து ஊர் ஊராகச் செயல்விளக்கம் அளித்தனர். உட்கார், படு, நில், வா, கூடவே நட என்ற கட்டளை வரிசை இன்று உலகெங்கும் நாய்ப் பயிற்சியின் அரிச்சுவடியாக இருப்பதற்கு இப்போட்டிகளே பெருங்காரணம்.

வகுப்புகள் பெருகப் பெருக, அவற்றில் பொதுக்கருவியானது இறுக்குச் சங்கிலி. ஒரு முனையில் வளையமிட்ட இரும்புச் சங்கிலியை அதே வளையத்துக்குள் நுழைத்துச் சுருக்காக்கி நாயின் கழுத்தில் மாட்டுவர். வாரை வெடுக்கென்று இழுத்தால் சுருக்கு இறுகும், விட்டால் தளரும். இரண்டாம் உலகப்போரில் ராணுவ நாய்களைப் பயிற்றிய வில்லியம் கோலர் 1962இல் வெளியிட்ட நூல் இம்முறையின் உச்சம். நீண்ட வாரில் கட்டிய நாயைப் பார்க்காமலேயே பயிற்சியாளர் ஒரு திசையில் நடப்பார், நாய் வேறு பக்கம் ஓடினால் எதிர்த்திசையில் திரும்பிவிடுவார், வாரின் நீளம் தீரும் இடத்தில் நாய் தானே தன் கழுத்தைச் சுண்டிக்கொள்ளும். தோட்டத்தில் குழி தோண்டும் நாயின் முகத்தை, அதே குழியில் நீர் நிரப்பி அமிழ்த்தும்படியும் அந்நூல் கூறியது. நூல் பல பதிப்புகள் கண்டது.

இதே காலத்தில் நூல்வழியும் செவிவழியும் பரவிய வீட்டு வைத்தியம் ஒன்று, புதிதாக வந்த நாய் தரையில் கழித்துவிட்டால் அதன் மூக்கை அதிலேயே தேய்ப்பதும், சுருட்டிய செய்தித்தாளால் அடிப்பதும் ஆகும். இது கொடுமையானது என்பதோடு பயனற்றதும்கூட. கழித்து ஒரு மணி நேரத்துக்குப் பின் விழும் அடியைக் கழித்த செயலோடு இணைத்துப் பார்க்க நாயால் முடிவதில்லை. செயல் நிகழும் கணத்திலேயே அடித்தாலும், மனிதர் கண்ணெதிரே கழிப்பது ஆபத்து என்பதையே அது கற்கிறது. அதனால் வெளியே வாரில் பிடித்துச் சென்றால் அடக்கிக்கொண்டு நிற்கிறது, வீடு திரும்பியதும் நாற்காலிக்குப் பின்னே ஒதுங்குகிறது. தலை தாழ்த்திக் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் நாயைக் கண்டு, அதற்குத் தன் தவறு தெரிந்திருக்கிறது என்று உரிமையாளர் முடிவு செய்வது வழக்கம். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009இல் வெளியிட்ட ஆய்வு, தவறே செய்யாத நாயும் உரிமையாளர் கடிந்துகொண்டால் அதே முகத்தைக் காட்டுகிறது என்று நிறுவியது. மனிதர் குற்றவுணர்வு என்று படித்தது நாயின் அச்சத்தை.

ஓநாயின் பெயரால் வந்த பிழை

வன்முறைக்கு அறிவியலின் சாயல் தந்தது ஓநாய் ஆய்வு. சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்த ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் எழுதிய ஆய்வுரையில், அவை தம்முள் மேலாண்மைக்காக ஓயாமல் போராடுவதை விவரித்தார். அமெரிக்க அறிஞர் டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் பற்றிய நூல் கூட்டத்தின் தலைமை ஓநாய் என்ற கருத்தைப் பரவலாக்கியது. நாய் ஓநாயின் வழித்தோன்றல், ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் உண்டு, ஆகவே வீட்டில் மனிதன் தலைவனாக வேண்டும் என்ற மூன்றடிக் கணக்கு பயிற்சியாளரிடையே வேரூன்றியது. நியூயார்க் மாநிலத்தின் நியூ ஸ்கீட் மடத்தில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்த்த துறவியர் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல், நாயோடு நெருங்கி வாழ்வதைப் பற்றி அன்பு ததும்ப எழுதிக்கொண்டே, அடங்காத நாயை மல்லாத்தி அழுத்திப் பிடிக்கும் முறையையும் பரிந்துரைத்தது.

பிழையைத் திருத்தியவர் மெக்கே. 1986 முதல் கனடாவின் எல்லெஸ்மியர் தீவில் கட்டற்ற ஓநாய்க் குடும்பத்தின் அருகே கோடைதோறும் தங்கிக் கவனித்த அவர், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்பதைக் கண்டார். தலைமை என்று கருதப்பட்டது பெற்றோரின் இடம். அறிமுகமற்ற ஓநாய்களை ஒரே வேலிக்குள் அடைத்ததால் எழுந்த சண்டையே பாசலில் காணப்பட்டது. 1999இல் இதை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டு, தம் பழைய நூலின் கருத்தைத் தாமே மறுத்தார். நியூ ஸ்கீட் துறவியரும் 2002ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பில் மல்லாத்தும் முறையைக் கைவிட்டனர். தம் கையால் எழுதியதைத் தாமே திருத்திய இந்த நேர்மைக்கு நாய்கள் பட்டிருக்கும் கடன் பெரிது.

டால்பின் குளத்திலிருந்து வந்த ஒலி

மாற்று வழி ஏற்கெனவே வேறிடத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. ஒரு செயலுக்கு நல்விளைவு கிடைத்தால் அச்செயல் பெருகும் என்ற விதியை ஆய்வகத்தில் விரிவாக ஆராய்ந்த பி. எஃப். ஸ்கின்னர், 1951இல் ஓர் அறிவியல் இதழில் பொதுமக்களுக்காக எழுதிய கட்டுரையில், அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் தகர விளையாட்டுப் பொருளைக்கொண்டு வீட்டு நாய்க்குக் கற்பிக்கலாம் என்று விளக்கினார். அவருடைய மாணவர்களான கெல்லர் பிரேலண்டும் மரியன் பிரேலண்டும் 1947இலேயே நிறுவனம் தொடங்கி அடியின்றி விலங்குகளைப் பயிற்றும் தொழிலை நடத்திவந்தனர். நீரில் நீந்தும் டால்பினுக்குச் சங்கிலி மாட்டவும் முடியாது, அடிக்கவும் முடியாது என்பதால் இம்முறை கடல்வாழ் உயிரினக் காட்சிசாலைகளில் நிலைபெற்றது. 1960களில் ஹவாயில் டால்பின்களைப் பயிற்றிய கேரன் பிரையர் 1984இல் எழுதிய நூலின் வழியாக அது நாய் வளர்ப்போரிடம் வந்துசேர்ந்தது.

கிளிக்கர் எனப்படும் அச்சிறு கருவியின் ஆற்றல் அதன் நேரத்துல்லியத்தில் இருக்கிறது. நாயின் பின்பகுதி தரையைத் தொடும் கணத்தில் ஒலி எழுகிறது, ஓரிரு நொடியில் ஒரு துண்டு இறைச்சியோ பிஸ்கட்டோ வருகிறது. பலமுறை இவ்வாறு நிகழ்ந்ததும் எந்த அசைவுக்காக உணவு கிடைத்தது என்பதை ஒலி நாய்க்குச் சுட்டிக்காட்டிவிடுகிறது. அந்நியர் கை தன்மேல் பட்டாலே ஒடுங்கும் நாயைத் தொடாமலேயே கற்பிக்க முடிகிறது என்பதே தத்து நாயைப் பொறுத்தவரை இதன் பெரும்பயன்.

அந்த ஒடுக்கத்தின் காரணத்தையும் இதே காலத்து ஆய்வுகள் விளக்கின. மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகியோர் 1961இல் வெளியிட்ட ஆய்வில், வேலியிட்ட வெளியில் மனிதத் தொடர்பின்றி வளர்ந்த குட்டிகள் வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிடப்பட்டன. 14 வாரம்வரை மனிதரையே அறியாதிருந்த குட்டிகள் பின்னர் எவ்வளவு முயன்றும் காட்டு விலங்குபோலவே மிரண்டன. ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட பெருநூல், பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறத்தாழ 12ஆம் வாரம்வரை நாயின் உலகம் யாரை உறவாக ஏற்பது என்று முடிவாகும் பருவம் என்பதை உறுதிப்படுத்தியது. இதனடிப்படையில் கால்நடை மருத்துவர் இயன் டன்பார் 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் குட்டிகளுக்கென வாரில்லா வகுப்புகளைத் தொடங்கினார். அந்தப் பருவம் எங்கே எப்படிக் கழிந்தது என்று எவருக்கும் தெரியாத நிலையில் காப்பகத்திலிருந்து வரும் வளர்ந்த நாயின் மிரட்சி அடங்காமையன்று, நடக்காமற்போன அறிமுகங்களின் விளைவு என்ற புரிதல் இவ்வாய்வுகளிலிருந்தே பிறந்தது.

இரு மரபுகளின் சந்திப்பு

1990களில்தான் காப்பகமும் பயிற்சியும் ஒன்றையொன்று முழுமையாகக் கண்டுகொண்டன. சான் பிரான்சிஸ்கோவின் விலங்கு நலச் சங்கம் 1994இல் நகராட்சியோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தத்துக்கொடுக்கத்தக்க எந்த நாயும் பூனையும் அந்நகரில் கொல்லப்படாது என்ற நிலையை உருவாக்கியது. நாய்களை வீடுகளுக்கு அனுப்புவதோடு அவை அங்கேயே நிலைக்கவும் வேண்டும் என்ற தேவை எழுந்தபோது பயிற்சி, கருணைச் செயலின் பகுதியாயிற்று. அச்சங்கம் 1998இல் திறந்த தத்து மையத்தில் கம்பிக் கூண்டுகளுக்குப் பதிலாக நாற்காலி, தொலைக்காட்சி முதலிய வீட்டுப் பொருள்கள் அமைந்த அறைகள் இருந்தன. வீடு என்பதன் ஒலியும் மணமும் நாய்க்கு அங்கேயே அறிமுகமாயின.

1997இல் மைக்கேல் ஹென்னெஸியும் உடன் ஆய்வாளரும் வெளியிட்ட அளவீடு இன்னொரு கண்திறப்பு. அச்சத்தின்போது இரத்தத்தில் பெருகும் கார்ட்டிசோல் என்னும் சுரப்பு, காப்பகத்துக்கு வந்த முதல் 3 நாள்களில் வீட்டு நாய்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. நாள்கள் செல்லச் செல்லவே அது தணிந்தது. இடமாற்றமே நாயின் உடலைக் கலக்குகிறது என்பது இவ்வாறு எண்களில் தெரிந்தது. முதல் 3 நாள் திகைப்பு, 3 வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடுதல், 3 மாதத்தில் உறவு உறுதிப்படுதல் என்று காப்பகப் பணியாளர் இன்று சொல்லித்தரும் கணக்கு துல்லியமான விதியன்று, நடைமுறையில் திரண்ட வழிகாட்டியே. ஆயினும் ஒரு வாரத்துக்குள் நாயைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும் அவசரத்தை அது தடுக்கிறது.

இன்றைய முறை இவ்வறிவுகளின் தொகுப்பு. வந்த நாய்க்கு ஓர் ஒதுக்கமான மூலையும் விரிப்பும் தரப்படுகின்றன, விருந்தினர் வரவு தள்ளிவைக்கப்படுகிறது, கட்டிலுக்கடியில் நுழைந்துகொண்டால் இழுத்து வெளியேற்றாமல் அருகே உணவு வைக்கப்படுகிறது. உறங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்கு அழைத்துச் சென்று, அங்கே கழித்த கையோடு உணவுத் துண்டு கொடுத்தால், பழைய செய்தித்தாள் அடி ஆண்டுக்கணக்கில் சாதிக்காததைச் சில வாரங்கள் சாதிக்கின்றன. தரையில் கழித்துவிட்டால் மணம் எஞ்சாமல் கழுவிவிடுவதே போதும், ஏனெனில் மணமே நாயை அதே இடத்துக்குத் திரும்ப அழைக்கிறது. சட்டமும் இத்திசையில் நகர்ந்தது: வேல்ஸ் நாடு 2010இல் மின்னதிர்வுக் கழுத்துப்பட்டைக்குத் தடை விதித்தது. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2008இல் மேலாண்மைக் கொள்கையை மறுத்து, 2021இல் எல்லா நாய்களுக்கும் வெகுமதி வழிப் பயிற்சியே உரியது என்று அறிவித்தது.

இவ்வரலாற்றின் ஒரு கிளை சென்னையையும் தொடுகிறது. கேப்டன் வி. சுந்தரம் இந்நகரில் நிறுவிய புளூ கிராஸ் அமைப்பும் அதன்வழி உருவான முயற்சிகளும், தெருநாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை செய்து விடுவிக்கும் முறையை வலியுறுத்தின. 2001ஆம் ஆண்டின் இந்திய விதிகள் அதையே நாடு முழுமைக்கும் நெறியாக்கின. தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் நாட்டு நாய் பெரும்பாலும் மனிதரைக் கண்டு வளர்ந்தது, ஆனால் பூட்டிய கதவையும் சங்கிலியையும் கண்டறியாதது. அதற்குப் புதிதாக இருப்பது மனிதனைவிடச் சுவரே என்பதால், அந்த நாயை நிலைப்படுத்துவதில் இங்குள்ளவர்கள் கற்கவேண்டிய பாடம் சற்றே வேறானது.

ஹாலோவேயின் குதிரைலாயம் நாய்க்கு உயிரைத் தந்தது, மோஸ்டின் நூல் மனிதனுக்கு விதியைத் தந்தது; நாய்க்குக் காலத்தைத் தரவேண்டும் என்று இரண்டுமே சொல்லவில்லை. தத்துக் கொடுக்கும்போது இன்றைய காப்பகங்கள் பலவும் கூறும் முதல் அறிவுரை, முதல் 3 நாள்கள் எதையும் கற்பிக்க வேண்டாம், அது அருகே வரும்வரை அமைதியாக இருங்கள் என்பதாகும். எளிமையாக ஒலிக்கும் இந்த ஒரு வரியைச் சென்றடைய ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. பழக்குதலின் முதற்பாடம் பழகுதலே என்பதை ஒப்புக்கொள்ளும் வரி அது.